வாசகர் கேள்வி–பதில்: உங்களைக் கூட்டிக்கொண்டு போன மேஸ்திரி யார்?

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். ‘மக்கள் ஏன் ஒரு சமூக வலைதளத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள்’ என்பது என் ஆய்வுத் தலைப்பு. கூகுள் ஃபார்ம் போட்டு 140 பேரிடம் பதில் வாங்கிவிட்டேன். பாதிப் பேருக்கு மேல் ‘போர் அடித்தது’ என்று எழுதியிருக்கிறார்கள், மிச்சம் பேர் ‘புதுசா இருந்துச்சு’ என்கிறார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் ‘இது போதாது’ என்கிறார். என்ன போதாது என்று எனக்குப் புரியவில்லை.
— முதுகலை மாணவி, தருமபுரி

பதில்: பேராசிரியர் சொன்னது சரி. ஆனால் அந்த 140 பதிலைத் தூக்கிப்போட வேண்டாம், ஓரமாக வையுங்கள், பின்னால் உதவும்.

நம்ம மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஒருவரிடம் ‘ஏன் போனீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மழை இல்லை’ என்பார். உண்மைதான். ஆனால் மழை மூன்று வருஷமாக இல்லை, அவர் போனது போன மாசம். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் மெதுவாக வரும்: பங்காளி ஏற்கனவே அங்கே இருந்தார், தீபாவளி கழித்து மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுத்தார், அதே தெருவில் ஆறு பேர் கிளம்பினார்கள், இவரும் பஸ் ஏறிவிட்டார். ‘மழை இல்லை’ என்பது பொய் இல்லை, ஆனால் அவர் பஸ் ஏறிய அந்த நாளை அது விளக்காது. ‘போர் அடித்தது’ என்பதும் அப்படித்தான். உங்கள் ஃபார்ம் அந்த முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

இந்த ஒப்பீட்டை நான் சும்மா சொல்லவில்லை. நீங்கள் படிக்கப்போகிற கோட்பாடே ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பார்த்து உருவானதுதான். 1885ல் ராவன்ஸ்டைன் என்பவர் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து இடம்பெயர்வுக்குச் சில விதிகள் எழுதினார். 1966ல் எவரெட் லீ அதை விரித்து, புறப்படும் ஊரில் இருப்பது, போய்ச் சேரும் ஊரில் இருப்பது, நடுவில் இருக்கும் தடைகள், அவரவர் சொந்த நிலைமை என்று பிரித்தார். பின்னால் வந்தவர்கள் இதைத் தள்ளும் காரணம், இழுக்கும் காரணம், கட்டிப்போடும் காரணம் என்று மூன்றாகச் சுருக்கினார்கள். 2005ல் வாடிக்கையாளர்கள் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கு இதைப் பொருத்திப் பார்த்தார்கள், அங்கிருந்து சமூக வலைதள ஆய்வுக்கு வந்தது. மூன்றாவதாக உள்ள காரணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மூரிங்’ (mooring), படகைக் கரையில் கட்டி வைப்பதைக் குறிக்கும் சொல். ஒகேனக்கல்லில் பரிசலைக் கரையில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அந்தக் கயிறுதான்.

தள்ளுவதும் இழுப்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆய்வில் முக்கால்வாசிப் பேர் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். விளம்பரம் அதிகம், சண்டை அதிகம், தெரியாதவர்கள் குட்மார்னிங் அனுப்புகிறார்கள், இதெல்லாம் தள்ளுவது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் டெலிகிராமுக்குப் போனது இழுப்புக்கு நல்ல உதாரணம்: 2 ஜிபி வரை ஃபைல் அனுப்பலாம், ஒரே குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், நேற்றுச் சேர்ந்தவர்கூட போன வருஷத்து பிடிஎஃப்பை மேலே தள்ளி எடுத்துக்கொள்ளலாம், தன் போன் நம்பரை மற்றவர்களுக்குக் காட்டாமலும் இருக்கலாம்.

கயிறுதான் விஷயம். பத்து வருஷப் படங்கள் ஒரு கயிறு. மகன் படிக்கிற பள்ளியின் பெற்றோர் குழு ஒரு கயிறு. பால் சொசைட்டி, மகளிர் சுயஉதவிக் குழு, பெரியப்பா வீட்டுப் பங்காளிகள் குழு எல்லாம் கயிறுதான். ஒருவருக்கு வாட்ஸ்அப் பிடிக்கவே இல்லை என்றாலும் அதில் இருந்தே ஆக வேண்டியிருப்பது இதனால்தான். எனவே ‘ஏன் போனீர்கள்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘ஏன் இத்தனை நாள் போகவில்லை’ என்று கேளுங்கள். எந்தக் கயிறு எப்போது அறுந்தது என்று தேடுங்கள்.

அப்புறம் மேஸ்திரி. யாரும் தனியாகப் போவதில்லை. தனியாகப் போனவர் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறார். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்ததும் உலகம் முழுக்க ஒரு பரபரப்பு, 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று டெலிகிராம் சொன்னது. என் பள்ளித் தோழர்கள் குழுவிலும் அதே பேச்சு. பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் சிக்னல் என்ற செயலிக்குப் போவது என்று முடிவு. 80 பேரில் 23 பேர் போனோம். நான் முதல் ஆளாகப் போனேன். மாசி பிறப்பதற்குள் எல்லோரும் பழைய இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தோம். காரணம் ரொம்ப எளிது: அந்தக் குழுவில் திருமணப் பத்திரிகை போடுகிறவர், ரத்தம் வேண்டும் என்றால் ஆள் பிடித்துத் தருகிறவர், யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் போகவில்லை. அவர்தான் எங்கள் மேஸ்திரி. குழு அட்மின் வேறு ஒருவர், அதையும் கவனியுங்கள். உங்கள் ஆய்வில் ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு முன்னால் யார் போனார்’, ‘லிங்க் அனுப்பியது யார்’, ‘யார் வந்த பிறகு அங்கே தினமும் திறந்து பார்க்க ஆரம்பித்தீர்கள்’ என்று கேட்டு எழுதி வாருங்கள். பத்துப் பேர் முடிவதற்குள் ஒரே பெயர் மூன்று நான்கு முறை வரும். அவரைப் போய்ப் பாருங்கள்.

‘போய்விட்டார்கள்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஓசூரில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறு ஊருக்கு வருகிறவர் ஊரை விட்டுப் போனவரா, இல்லையா? விதைப்புக்குத் திரும்பி வருகிறவர்? 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும், அதே மாதிரியான இன்னொரு தளமான மஸ்டடானில் மாதம் தோறும் புழங்குகிறவர்கள் 3 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆனார்கள், இது மஸ்டடானை உருவாக்கிய ஓய்கன் ரோச்கோவே சொன்ன கணக்கு. அடுத்த சில மாதங்களில் அது இறங்கிவிட்டது. பலர் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். அதனால் யாரிடம் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. வேறு மாதிரி கேளுங்கள்: வீட்டில் குழந்தை பிறந்தபோது முதல் படத்தை எங்கே போட்டீர்கள்? சாவுச் செய்தியை எங்கே சொன்னீர்கள்? மனசு சரியில்லாத நாளில் எதைத் திறக்கிறீர்கள்? ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் ஃபார்முக்கு வருகிறேன். அதை எப்படி அனுப்பினீர்கள்? வாட்ஸ்அப் குழுக்களில்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் வாட்ஸ்அப்பை விட்டுப் போனவர்கள் கையில் அது கிடைத்திருக்காது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் பென்னாகரமே காலியாகிவிட்டது போலத் தோன்றும், பென்னாகரத்தில் நின்று கேட்டால் யாருமே போகவில்லை என்று தோன்றும். போனவர், போகாதவர், போய்த் திரும்பியவர், மூன்று பேரும் வேண்டும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்யுங்கள். கல்யாணமான பிறகு ஃபேஸ்புக் கணக்கை மூடிய பெண்கள் எத்தனை பேர் நம்ம ஊரில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மாமியார் வீட்டில் பேச்சு வந்தது, கணவர் பாஸ்வேர்டு கேட்டார், முன்பின் தெரியாத ஒருவன் படத்தை எடுத்துக்கொண்டான். இதை அவர் ஒரு ஃபார்மில் எழுதுவாரா? ‘போர் அடித்தது’ என்றுதான் எழுதுவார். அந்த 140ல் பெண்கள் எழுதிய ‘போர் அடித்தது’ எத்தனை, எந்த வயதில், எந்த வருஷத்தில் என்று பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு அத்தியாயமே இருக்கலாம். அவர்களில் பேச விருப்பம் உள்ளவர்களை நேரில், தனியாக, அவசரப்படாமல் சந்தியுங்கள். குழுவில் நடந்த பேச்சை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்காதீர்கள், நம்பர் வேண்டாம், ஊர்ப் பெயரையும் மாற்றுங்கள். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே நர்ஸாக இருக்கும் பெண் என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்.

15 பேர் போதும். ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம், கையில் அவர் போன் இருக்கட்டும். ஒரு தாளில் வருஷங்களைக் கோடாகப் போட்டு, முதல் போன் எப்போது, ஜியோ வந்த 2016 செப்டம்பருக்குப் பிறகு என்ன மாறியது, கல்யாணம், வேலை, 2020 ஊரடங்கு, போனில் மெமரி நிறைந்து எந்த ஆப்பை அழித்தார், எல்லாவற்றையும் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கேசி ஃபீஸ்லர், பிரியானா டிம் இருவரும் ரசிகர் சமூகங்கள் லைவ்ஜர்னல், டம்ப்ளர் என்று தளம் தளமாக மாறிய கதையை ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் சிலர் வழியில் விடுபட்டுப் போனதையும், பழைய படைப்புகள் தொலைந்ததையும் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். தேடிப் படியுங்கள், உங்கள் தாளில் விழும் கோடுகளுக்கு அர்த்தம் பிடிபடும்.

கேள்வி: நான் தெருக்கூத்து ஆடுகிறவன். டிக்டாக்கில் என்னை 60,000 பேர் பின்தொடர்ந்தார்கள், அடவு போட்டு 15 வினாடி வீடியோ போட்டால் ஊர் ஊராகக் கூத்துக்குக் கூப்பிடுவார்கள். தடை வந்த பிறகு யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் போடுகிறேன், 900 பேரைத் தாண்டவில்லை. என் ஆட்டம் கெட்டுப்போய்விட்டதா?
— கூத்துக் கலைஞர், பென்னாகரம் வட்டம்

பதில்: இல்லை அண்ணா. உங்கள் ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, டிக்டாக் அதில் ஒன்று. அப்போது இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். அது மேஸ்திரியோடு போன பயணம் இல்லை, அணை கட்டி ஊர் தண்ணீருக்குள் போன மாதிரி. மேட்டூர் அணை 1934ல் முடிந்தபோது ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, கிடைத்த திசையில் போனார்கள். உங்கள் 60,000 பேரும் அப்படித்தான். சிலர் மோஜ், சிலர் ஜோஷ், அதே ஜூலையில் இந்தியாவுக்கு வந்த ரீல்ஸில் சிலர், செப்டம்பரில் வந்த யூடியூப் ஷார்ட்ஸில் சிலர், நிறையப் பேர் எதிலுமே இல்லை. உங்களைத் தேடி வர அவர்களுக்கு வழியும் இல்லை, அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியவும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சிம் கார்டு கம்பெனியை மாற்றினாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த ரசிகர்களை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வழி இல்லை. பல சர்வர்களாகப் பிரிந்து இயங்கும் மஸ்டடான் மாதிரி ஒன்றிரண்டில், அதற்குள்ளேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பின்தொடர்பவர்களைக் கொண்டுபோகலாம். பெரிய தளங்கள் அதைத் தருவதாக இல்லை, தந்தால் கயிறு அறுந்துவிடும் இல்லையா.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூத்து நடக்கிற ஊரில், விடிந்து வேஷம் கலைக்கும் முன்னால், உங்களைக் கூப்பிட்டவர்கள், அடுத்த வருஷமும் கூப்பிடுவோம் என்கிறவர்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். ஆப் போனாலும் அந்த நோட்டு உங்களிடம் இருக்கும்.

கேள்வி: பர்கூரில் புடவை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். 4 குழு, 700 பேர். மகள் ‘எல்லோரும் இன்ஸ்டாகிராம் போயிட்டாங்க, நீயும் வாம்மா’ என்கிறாள். போகவா?
— புடவை வியாபாரி, பர்கூர்

பதில்: ‘எல்லோரும்’ என்று உங்கள் மகள் சொல்வது அவள் வயதுப் பெண்களை. உங்களிடம் வாங்குகிறவர்கள் யார்? கடைசியாகப் பணம் அனுப்பிய 30 பேருக்குப் போன் போட்டு, இன்ஸ்டாகிராம் வைத்திருக்கிறாயா, அதில் ஏதாவது வாங்கியிருக்கிறாயா என்று கேளுங்கள். ஒரு நாள் வேலைதான். பத்துப் பேருக்கு மேல் ஆமாம் என்றால் அங்கேயும் ஒரு கடை திறக்கலாம், இங்கே மூட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் நம்பர் அந்தக் குழுவில் உள்ள யாருக்கு வேண்டுமானாலும் தெரியும். குழுவை விட்டுச் சத்தமில்லாமல் போன பெண்களிடம் விசாரித்தால் விலை காரணமாக இருக்காது, ராத்திரி யாரோ ‘ஹாய்’ அனுப்பியிருப்பார்கள். குழுவுக்குப் பதில் வாட்ஸ்அப் சேனல் வையுங்கள், அதில் சேருகிறவர்கள் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: ஆர்குட்டில் என் மாணவர்கள் எனக்கு எழுதியவையும் படங்களும் இருந்தன. திரும்ப எடுக்க முடியுமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: முடியாது ஐயா. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 2004 ஜனவரியில் கூகுளின் சமூக வலைதளமாக வந்த ஆர்குட்டை, அதே வருஷம் பிப்ரவரியில் பிறந்த ஃபேஸ்புக் முந்திக்கொண்டு போக, கூகுள் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. சொந்தப் படங்களை இறக்கிக்கொள்ள அதன்பின் 2 வருஷம் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. மாணவர்கள் யாராவது அப்போதே எடுத்து வைத்திருக்கலாம், அவர்களில் ஒருவருக்குப் போன் செய்து பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கம்பெனி செய்தது என்று ‘அரட்டை’ ஆப்பைப் போனில் போட்டேன். திறந்தால் ஒருத்தரும் பேசுவதில்லை. என்ன தப்பு?
— தொழிலாளி, ஓசூர்

பதில்: உங்கள் மேல் தப்பு இல்லை, அரட்டை மேலும் இல்லை. 2025 செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில் அதில் சேருகிறவர்கள் ஒரு நாளைக்கு 3,000 என்பதிலிருந்து 3.5 லட்சமாக ஏறியதாக, அதைச் செய்த ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அவ்வளவு பேர் வந்தும் உங்களுக்கு வெறிச்சென்று இருக்கிறது என்றால், வந்தவர்கள் உங்கள் ஆட்கள் இல்லை. நமக்கு வேண்டியது கோடிப் பேர் இல்லை, தினமும் பேசுகிற எட்டுப் பேர். ஷிப்ட் மாற்றிக்கொள்கிற உங்கள் லைன் ஆட்கள் குழுவை மட்டும் முதலில் அங்கே நகர்த்திப் பாருங்கள். எல்லாக் குழுவையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தால் நடக்காது.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. நான் ஃபேஸ்புக் வந்ததும் அவள் இன்ஸ்டாகிராம் போனாள். நான் இன்ஸ்டாகிராம் வந்ததும் அங்கே இரண்டாவதாக ஒரு கணக்கு திறந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவள் ஓடுவது உங்களிடமிருந்து மட்டும் இல்லை. ஒரே இடத்தில் அம்மா, சித்தப்பா, டியூஷன் சார், வகுப்புத் தோழி எல்லோரும் உட்கார்ந்திருந்தால் 17 வயதுப் பெண் எந்தக் குரலில் பேசுவாள்? கல்யாண வீட்டில்கூடப் பிள்ளைகள் பந்தலை விட்டு மொட்டை மாடிக்குத்தான் போகிறார்கள். 2007 வாக்கில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைதளத்திலிருந்து ஃபேஸ்புக்குக்கு மாறியபோது டேனா பாய்ட் என்ற ஆய்வாளர் அவர்களிடமே போய்ப் பேசினார். யாரோடு சேர்ந்திருக்கிறோம், யாரோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறோம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது, தளத்தில் உள்ள வசதிகள் அதற்குப் பிறகுதான்.

அந்த இரண்டாவது கணக்கைத் தேடிப் பின்தொடராதீர்கள், மூன்றாவது திறப்பாள், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் நேராகக் கேளுங்கள். நேரில் தெரியாத ஆள் யாராவது உண்டா, படம் கேட்டது உண்டா, அப்படிக் கேட்டால் அவள் மேல் கோபப்படாமல் நீங்கள் கூட நிற்பீர்களா என்பதை இன்றைக்கே, சாப்பிட உட்காரும்போது பேசிவிடுங்கள். மிரட்டல் வரை போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் அவள் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.